கைபேசியும் பழுது பார்க்கும் உரிமையும்

வால்வுகளால் இயங்கிய பழைய ரேடியோப் பெட்டியின் பின்பலகையைக் கழற்றினால், உட்புறத்தில் ஒரு காகிதம் ஒட்டப்பட்டிருப்பதைப் பல பெட்டிகளில் காணலாம். எந்த வால்வு எந்த இடத்தில் அமைய வேண்டும் என்பதை அக்காகிதம் படமாகக் காட்டும். சில பெட்டிகளில் மின்சுற்றின் முழுப் படமும் இருக்கும். பெட்டி என்றேனும் பழுதாகும், அதை எவரேனும் திறந்து பார்ப்பார், அவருக்கு வழிகாட்ட வேண்டும் என்று தயாரித்தவர் முன்கூட்டியே எண்ணினார் என்பதற்கு அக்காகிதமே சான்று. சைக்கிள், தையல் இயந்திரம் ஆகியவையும் இத்தகையனவே. எந்த ஊர்க் கடையிலும் கிடைக்கும் திருப்புளியும் ஸ்பானரும் இருந்தால் அவற்றைப் பிரித்து மறுபடி பூட்டலாம்.

இன்று நம் நாட்டில் பட்டணத்திலும் கிராமத்திலும் மக்கள் கையில் மிகுதியாகப் புழங்கும் மின்கருவி, ஸ்மார்ட்போன் என வழங்கும் கைபேசியாகும். அங்கன்வாடி ஊழியர் குழந்தைகளின் எடையையும் உயரத்தையும் ‘போஷண் டிராக்கர்’ என்னும் செயலியில் பதிவு செய்வதற்கு அதுவே கருவி. ஆசிரியர் ‘தீக்ஷா’ தளத்தின் பாடங்களை அதில் திறந்து காட்டுகிறார். காய்கறி விற்பவர் விற்ற பணத்தை அதன் வாயிலாகப் பெறுகிறார். ஆகவே கைபேசி நின்றுபோனால் பேச்சு மட்டும் நிற்பதில்லை. அன்றைய தொழிலும் உடன் நிற்கிறது. இவ்வளவு இன்றியமையாத கருவி எளிதில் பழுது பார்க்கத் தக்கதாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பது இயல்பு. ஆயினும், உடைந்த திரையை மாற்றும் செலவைக் கேட்டுத் திகைத்துப் புதிய கருவியையே வாங்கிவிடுவதும், பாட்டரி மட்டுமே தேய்ந்த கைபேசி முழுமையாகக் கைவிடப்படுவதும் சாதாரண நிகழ்ச்சிகளாகிவிட்டன.

ஒரு கருவியைப் பழுது பார்க்க இயலுமா, இயலாதா என்பது பெரும்பாலும் அது வரைபடமாக இருக்கும் காலத்திலேயே நிர்ணயமாகிவிடுகிறது. பிறகு அதைக் கையில் வாங்கும் தொழிலாளி எவ்வளவு திறமைசாலியாயினும், வரைபடத்தில் வைத்த தடையை ஓரளவுக்கே தாண்ட முடியும். இவ்வுண்மையை ஒப்புக்கொண்டதன் பயனாகவே பல நாடுகளில் ‘பழுது பார்க்கும் உரிமை’ என்னும் கோரிக்கை சட்ட வடிவம் பெற்று வருகிறது.

உரிமையின் பொருள்

விலை கொடுத்து வாங்கிய பொருளை அதன் சொந்தக்காரர் தாமாகவோ, தாம் நம்பும் தொழிலாளியைக் கொண்டோ, தயாரித்த கம்பெனியின் பணிமனையிலோ, தம் விருப்பப்படி பழுது பார்த்துக்கொள்ளத் தடையில்லாதிருத்தலே பழுது பார்க்கும் உரிமையாகும். தயாரிப்பாளர் இலவசமாகப் பழுது நீக்கித் தர வேண்டும் என்பது இதன் பொருளன்று. அது உத்தரவாதக் காலத்தைச் சார்ந்த வேறு விஷயம்.

இவ்வுரிமை நடைமுறைக்கு வர நான்கு வசதிகள் வேண்டும். முதலாவது, உதிரிப் பாகங்கள் நியாயமான விலையில், நியாயமான காலத்திற்குள் கிடைத்தல். இரண்டாவது, கருவியைத் திறப்பதற்கும் மூடுவதற்கும் உரிய உபகரணங்கள் எவருக்கும் கிடைத்தல். மூன்றாவது, பிரிக்கும் முறை, மின்சுற்றுப் படம், கோளாறு காணும் முறை ஆகிய தகவல்கள் வெளியிடப்படுதல். நான்காவது, மாற்றிய பாகத்தை ஏற்றுக்கொள்ளக் கருவியின் மென்பொருள் மறுக்காதிருத்தல். இந்நான்கில் ஒன்று இல்லையேல், ஏனைய மூன்றும் இருந்தும் பயனில்லாமற் போகலாம்.

பாட்டரி தளர்வது ஏன்?

கைபேசியில் காலத்தால் முதலில் தளர்வது பாட்டரியே. லிதியம் அயனி பாட்டரி 1991-ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்தது. அதன் ஆராய்ச்சிக்காக ஜான் குடெனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம், அகிரா யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-ஆம் ஆண்டின் இரசாயன நோபெல் பரிசு அளிக்கப்பெற்றது.

இப்பாட்டரியின் ஒரு மின்வாய் கிராஃபைட்டால் ஆனது. மற்றொன்று லிதியமும் கோபால்ட் போன்ற உலோகங்களும் சேர்ந்த ஆக்ஸைடு. மின்னேற்றும்போது லிதியம் அயனிகள் ஆக்ஸைடிலிருந்து புறப்பட்டு, இடையிலுள்ள திரவத்தைக் கடந்து, கிராஃபைட்டின் அடுக்குகளுக்கிடையே சென்று தங்குகின்றன. கைபேசியை உபயோகிக்கும்போது அவை வந்த வழியே திரும்புகின்றன. இவ்வாறு போய்வரும் ஒவ்வொரு தடவையும் சிறிதளவு லிதியம் கிராஃபைட்டின் மேல் படியும் மெல்லிய படலத்தில் சிக்கித் திரும்பாமல் நின்றுவிடுகிறது. வெப்பம் மிகுந்தால் இப்படலம் விரைந்து வளரும். கோடை வெயிலில் ஜன்னலருகே வைத்தோ, தலையணைக்கு அடியில் வைத்தோ மின்னேற்றப்படும் கைபேசி விரைவில் தளர்வது இதனாலேயே. பொதுவாகச் சில நூறு தடவை ஏற்றி இறக்கியபின் பாட்டரியின் கொள்ளளவு ஆதியில் இருந்ததில் 80 சதவிகிதமாகக் குறைந்துவிடும்.

இது எவருடைய குற்றமும் அன்று, இரசாயன நியதி. சைக்கிளின் டயர் தேய்வதைப் போன்றதே இதுவும். டயர் தேய்ந்ததற்காகச் சைக்கிளை எவரும் எறிவதில்லை. கைபேசியிலும் முற்காலத்தில் பின்மூடியை நகத்தால் நெம்பித் திறந்து, பாட்டரியை எடுத்து, கடையில் வாங்கிய வேறொன்றை வைக்க முடிந்தது. பிற்காலத்தில் மூடி பசையால் ஒட்டப்பட்டது. பாட்டரியும் உள்ளே ஒட்டப்பட்டது. இரண்டு மூன்று ஆண்டுகளில் தளரும் என்று தெரிந்த பாகம், எளிதில் எட்டாத இடத்திற்குச் சென்றுவிட்டது.

இதன் விளைவை 2017-ஆம் ஆண்டின் ஒரு நிகழ்ச்சி விளக்கும். பாட்டரி தளர்ந்த பழைய ஐபோன்கள் திடீரென அணைந்துபோவதைத் தடுக்கும் பொருட்டு, அவற்றின் வேகத்தை மென்பொருள் வாயிலாகக் குறைத்து வந்ததாக ஆப்பிள் கம்பெனி அவ்வாண்டு டிசம்பரில் ஒப்புக்கொண்டது. புதிய பாட்டரி பொருத்தியவுடன் அக்கருவிகள் பழைய வேகத்தைப் பெற்றன. கருவியே மூப்படைந்துவிட்டது என எண்ணியிருந்தவர்களுக்கு உண்மையில் தேவைப்பட்டது ஒரு பாட்டரிதான். அமெரிக்காவில் பாட்டரி மாற்றும் கட்டணத்தை 79 டாலரிலிருந்து 29 டாலராக அக்கம்பெனி 2018-இல் ஓராண்டுக்குக் குறைத்தது. வேகக் குறைப்பைப் பற்றி வாங்கியோருக்குத் தெரிவிக்காமைக்காக, 2020-இல் பிரெஞ்சு அரசின் நுகர்வோர் பாதுகாப்புத் துறை அக்கம்பெனிக்கு 2.5 கோடி யூரோ அபராதம் விதித்தது. தகவலை மறைப்பதும் பழுது பார்ப்பதற்கு ஒரு தடையே என்பது இதனால் விளங்கும்.

திரையும் பசையும்

பாட்டரி காலத்தால் தளரும். திரை விபத்தால் உடையும். பார்வைக்கு ஒரே கண்ணாடியாகத் தோன்றும் திரையில் மூன்று அடுக்குகள் உள்ளன: மேலே காப்புக் கண்ணாடி, அதன்கீழ் விரல் தொடுவதை உணரும் அடுக்கு, அதற்கும் கீழே ஒளி காட்டும் பலகை. இவற்றுக்கிடையே காற்று இருந்தால் ஒளி சிதறும். ஆகவே மூன்றும் ஒளி ஊடுருவும் பசையால் ஒன்றாக ஒட்டப்படுகின்றன. படம் தெளிவாகத் தெரிவதற்கு இது உதவுகிறது. ஆனால் மேற்கண்ணாடி மட்டும் கீறினாலும், பெரும்பாலும் மூன்றையும் சேர்த்தே மாற்ற வேண்டியிருக்கிறது. மலிவான பாகம் உடைந்ததற்கு விலையுயர்ந்த பாகமும் சேர்ந்து போகிறது.

மூடியைப் பசையால் ஒட்டுவதற்கும் காரணம் உண்டு. தூசியும் நீரும் புகாமல் காக்க அது துணைபுரிகிறது, கருவியும் மெல்லியதாகிறது. எனினும் அதைத் திறப்பதற்கு வெப்பமூட்டிப் பசையை இளக்கி, மெல்லிய தகட்டைச் செருகி மெதுவாக விலக்க வேண்டும். அவசரப்பட்டால் கண்ணாடி வெடிக்கும். தகடு பாட்டரியைத் துளைத்தால் தீப்பற்றும். இதற்கு மேல், சில கருவிகளில் ஐந்து இதழ் வடிவத் தலை கொண்ட திருகாணிகள் கையாளப்படுகின்றன. சாதாரணத் திருப்புளி அவற்றுக்குப் பொருந்தாது.

இத்தடைகளை ஒப்பிட்டு அளப்பதற்கு நிபுணர்கள் ‘பிரிப்பு ஆழம்’ என்னும் ஓர் அளவைக் கையாள்கின்றனர். ஒரு குறிப்பிட்ட பாகத்தை எடுப்பதற்கு எத்தனை படிகள் தேவை என்னும் எண்ணிக்கையே அது. ஒரு கைபேசியில் பாட்டரியை எடுக்க மூன்று படி போதும். மற்றொன்றில் திரை, கேடயத் தகடு, ஒலிபெருக்கி ஆகியவற்றை ஒன்றன்பின் ஒன்றாக நீக்கிப் பதினைந்தாவது படியில்தான் பாட்டரி கிடைக்கும் என்று கொள்வோம். படி மிகுந்தால் நேரமும் கூலியும் மிகும். வேறொரு பாகம் சேதமடையும் வாய்ப்பும் மிகும்.

மென்பொருள் என்னும் பூட்டு

கண்ணுக்குத் தெரியும் தடைகளைக் கைத்திறனால் வெல்லலாம். கண்ணுக்குத் தெரியாத தடை ஒன்று உண்டு. திரை, பாட்டரி, காமிரா போன்ற பாகங்களில் வரிசை எண் தாங்கிய சிறு மின்னணுச் சில்லு பொருத்தப்பட்டிருக்கும். தாய்ப்பலகை அந்த எண்ணை நினைவில் வைத்திருக்கும். அதே வகையைச் சேர்ந்த, அதே ஆலையில் செய்த வேறொரு பாகத்தைப் பொருத்தினாலும், எண் வேறுபட்டிருப்பதால் எச்சரிக்கைச் செய்தி தோன்றும். அல்லது சில வசதிகள் இயங்காமல் நின்றுவிடும். தயாரிப்பாளரிடமுள்ள மென்பொருளால் இரண்டையும் இணைத்தாலன்றி இது தீராது. இம்முறைக்குப் ‘பாகப் பிணைப்பு’ என்று பெயரிடலாம்.

பழுதான இரண்டு கைபேசிகளிலிருந்து நல்ல பாகங்களை எடுத்து ஒரு நல்ல கைபேசியை உருவாக்குவது சிறு தொழிலாளிகளின் வழக்கமான முறை. டெல்லியில் கரோல் பாக் வட்டாரத்திலுள்ள கஃபார் மார்க்கெட்டிலும், நேரு பிளேஸிலும், நாட்டின் பிற நகரங்களிலுள்ள இத்தகைய கடைத்தெருக்களிலும் எண்ணற்றோர் இவ்வகைத் தொழிலால் பிழைக்கின்றனர். நுண்ணோக்கியின் கீழ் தாய்ப்பலகையை வைத்து, மணலினும் சிறிய உறுப்புகளைச் சூடான காற்றால் கழற்றிப் புதியதைப் பற்றவைக்கும் அளவுக்கு அவர்களுடைய கைத்திறன் வளர்ந்துள்ளது. பாகப் பிணைப்பு இத்திறனைப் பயனற்றதாக்குகிறது.

மென்பொருள் சம்பந்தமான இன்னொரு தடையும் உண்டு. கைபேசியை இயக்கும் அடிப்படை மென்பொருளில் அவ்வப்போது காணப்படும் குறைகளைத் தயாரிப்பாளர் திருத்தி அனுப்புவர். சில ஆண்டுகளில் இத்திருத்தம் நின்றுவிட்டால், கருவியின் பாகங்கள் அனைத்தும் நன்றாக இருந்தும், புதிய செயலிகள் அதில் இயங்க மறுக்கும். பணம் செலுத்தும் செயலியை அதில் வைத்திருப்பதும் பத்திரமன்று. உதிரிப் பாகம் எவ்வளவு காலம் கிடைக்கும் என்று கேட்பதுபோலவே, திருத்தம் எவ்வளவு காலம் வரும் என்றும் கேட்க வேண்டியிருப்பது இதனாலேயே.

தூக்கி எறிவதால் நேரும் நஷ்டம்

ஒரு சிறு கணக்கால் இதை விளக்கலாம். வகுப்பறையிலும் இதைச் செய்து காட்டலாம். 4,000 மில்லி ஆம்பியர்-மணி கொள்ளளவுள்ள பாட்டரியின் மின்னழுத்தம் சுமார் 3.85 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் அதில் அடங்கும் சக்தி 15.4 வாட்-மணி. நாள்தோறும் ஒருமுறை முழுமையாக ஏற்றினால் ஆண்டுக்கு 5.6 யூனிட் மின்சாரம் வேண்டும். மின்னேற்றும்போது வீணாவதையும் சேர்த்து 7 யூனிட் என்று கொள்ளலாம். நம் நாட்டில் ஒரு யூனிட் மின்சார உற்பத்தியில் ஏறத்தாழ 0.7 கிலோகிராம் கரியமில வாயு வெளியாகிறது. எனவே ஒரு கைபேசியை ஓராண்டு மின்னேற்றுவதால் வெளியாவது சுமார் 5 கிலோகிராம்.

அக்கைபேசியைத் தயாரிக்கும்போது வெளியாவது எவ்வளவு? தயாரிப்பாளர்கள் தாமே வெளியிடும் சுற்றுச்சூழல் அறிக்கைகளைப் பார்த்தால், பல மாதிரிகளுக்கு அது 40 முதல் 70 கிலோகிராம் வரை இருப்பது தெரிகிறது. கணக்குக்கு 50 எனக் கொண்டால், பத்து ஆண்டு மின்னேற்றுவதற்குச் சமமான கரியமில வாயு, கைபேசி பெட்டியிலிருந்து வெளிவருமுன்னரே வெளியாகிவிட்டது. இரண்டு ஆண்டில் அதை எறிந்தால் இச்சுமை ஆண்டொன்றுக்கு 25 கிலோகிராம். ஐந்து ஆண்டு வைத்துக்கொண்டால் 10 கிலோகிராம். மின்சாரத்தைச் சிக்கனம் செய்வதைக் காட்டிலும், கருவியின் ஆயுளை நீட்டிப்பதே இங்கு முக்கியமாகிறது.

மூலப்பொருள்களும் கவனிக்கத்தக்கவை. பாட்டரிக்கு வேண்டிய கோபால்ட்டில் பெரும்பங்கு ஆப்பிரிக்காவின் காங்கோ ஜனநாயகக் குடியரசிலிருந்து வெட்டியெடுக்கப்படுகிறது. இவ்வாறு தொலைவிலிருந்து வரும் உலோகங்கள் குப்பையில் சேர்ந்தபின் மீண்டு வருவது அரிது. ஐக்கிய நாடுகள் ஸ்தாபனத்தின் அமைப்புகள் 2024-இல் வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 2010-ஆம் ஆண்டில் 3.4 கோடி டன்னாக இருந்த மின்னணுக் கழிவு 2022-இல் 6.2 கோடி டன்னாக உயர்ந்தது. அதில் முறைப்படி சேகரிக்கப்பட்டு மறுசுழற்சிக்குச் சென்றதாகப் பதிவானது 22.3 சதவிகிதமே.

தயாரிப்பாளர் கூறும் காரணங்கள்

தயாரிப்பாளர்களின் வாதங்களையும் நடுநிலையோடு ஆராய வேண்டும். பயிற்சியில்லாதவர் பாட்டரியைக் கையாண்டால் விபத்து நேரும் என்கின்றனர். விரல் ரேகையையும் முகத்தையும் அடையாளம் காணும் பாகங்களை எவரும் மாற்ற முடிந்தால், கைபேசியிலுள்ள அந்தரங்கத் தகவல்கள் களவு போகும் என்கின்றனர். மின்சுற்றுப் படம் தங்கள் அறிவுச் சொத்து என்றும், போலிப் பாகங்கள் பெருகும் என்றும் கூறுகின்றனர்.

இவற்றுள் பாட்டரியைப் பற்றிய எச்சரிக்கை மெய்யே. ஆயினும் ஆபத்துள்ள வேலைக்குப் பரிகாரம், செய்முறையை மறைப்பதன்று. அதைத் தெளிவாக வெளியிடுவதே. பசையை நீக்கும் முறை தெரியாமல் தகட்டால் குத்துபவருக்குத்தான் அபாயம் மிகுதி. விரல் ரேகைப் பாகத்திற்குப் பாதுகாப்பு வேண்டும் என்பதும் நியாயமே. ஆனால் அதே காரணத்தைத் திரைக்கும் பாட்டரிக்கும் நீட்டுவது பொருந்துமா என்பதே கேள்வி. அசல் பாகம் எளிதில் கிடைத்தால் போலிப் பாகத்திற்குச் சந்தை குறையும் என்பதையும் மறுக்க இயலாது. அமெரிக்காவின் மத்திய வர்த்தகக் கமிஷன் இவ்வாதங்களை ஆராய்ந்து 2021 மே மாதத்தில் காங்கிரஸ் சபைக்கு அளித்த அறிக்கையில், பழுது பார்ப்பதன்மீது விதிக்கப்படும் தடைகளுக்குக் கூறப்படும் காரணங்களை ஆதரிக்கும் சான்றுகள் மிகக் குறைவு என்று முடிவு கூறியது.

பிற நாடுகளில்

பிரான்ஸ் தேசம் 2021 ஜனவரி 1 முதல் ஸ்மார்ட்போன், மடிக்கணினி, தொலைக்காட்சி, துணி துவைக்கும் இயந்திரம், புல்வெட்டும் இயந்திரம் ஆகியவற்றுக்குப் ‘பழுதுபார்ப்புக் குறியீட்டெண்’ ஒன்றை அச்சிட்டுக் காட்ட வேண்டும் என்று விதித்தது. தகவல் வெளியீடு, பிரிக்கும் எளிமை, உதிரிப் பாகம் கிடைத்தல், அப்பாகத்தின் விலை, அவ்வகைக் கருவிக்கே உரிய பிற அம்சங்கள் என ஐந்து தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் 20 மதிப்பெண். மொத்தம் 100-ஐப் பத்தால் வகுத்து, 10-க்கு இவ்வளவு என்று கடையில் விலைக்கு அருகே காட்டப்பட்டது.

இம்முறையில் ஒரு குறையும் உண்டு. ஒரு கைபேசி ஐந்து தலைப்புகளிலும் முறையே 18, 16, 17, 4, 15 பெறுவதாக வைத்துக்கொள்வோம். கூட்டுத்தொகை 70, குறியீட்டெண் 7. பார்ப்பதற்கு நல்ல எண்தான். ஆனால் பாகத்தின் விலைக்கு அது பெற்றது 4 மட்டுமே. திரையின் விலை கட்டுப்படியாகாதவருக்கு மற்ற நான்கு தலைப்புகளாலும் பயனில்லை. ஆகவே குறியீட்டெண்ணை மட்டுமன்றி, அதன் உட்பிரிவுகளையும் வாங்குவோர் பார்த்தறிய வகை செய்வது அவசியம்.

ஐரோப்பிய ஒன்றியம் 2025 ஜூன் 20 முதல் கைபேசிகளின் அமைப்பைப் பற்றியே விதிகளை அமலாக்கியது. ஒரு மாதிரியின் விற்பனை நின்றபின் 7 ஆண்டு வரை முக்கிய உதிரிப் பாகங்கள் கிடைக்க வேண்டும். 5 ஆண்டு வரை மென்பொருள் திருத்தங்கள் வர வேண்டும். பாட்டரி 800 தடவை ஏற்றி இறக்கியபின்னும் 80 சதவிகிதக் கொள்ளளவைக் காக்க வேண்டும். இவற்றோடு, கைபேசியின் பெயர்ச்சீட்டில் பழுது பார்க்கும் எளிமையும் தரவரிசையாகக் குறிக்கப்பட வேண்டும். பழுது பார்ப்பதைப் பற்றி அவ்வொன்றியம் 2024-இல் நிறைவேற்றிய தனிக் கட்டளையை 2026 ஜூலை 31-க்குள் செயற்படுத்துமாறு அங்கத்தின நாடுகளுக்குக் காலக்கெடு விதித்தது.

அமெரிக்காவில் மாநிலங்களே முன்வந்தன. நியூயார்க் மாநிலச் சட்டம் 2023 டிசம்பரில் அமலுக்கு வந்தது. கலிபோர்னியா 2024 ஜூலை முதல், 100 டாலரும் அதற்கு மேலும் விலையுள்ள கருவிகளுக்குத் தயாரிப்பு நின்று 7 ஆண்டு வரை பாகங்களும் உபகரணங்களும் தகவல்களும் அளிக்க வேண்டும் என்று விதித்தது. ஆரிகன் மாநிலம் 2024-இல் இயற்றிய சட்டம் பாகப் பிணைப்பையே தடை செய்தது. நான்காவது வசதியாகிய மென்பொருள் இசைவை இதுவே நேராகத் தொட்டது.

நம் நாட்டில்

இந்தியாவில் இப்பிரச்னை முதலில் மோட்டார் வாகனத் துறையில் எழுந்தது. உதிரிப் பாகங்களையும் கோளாறு காணும் உபகரணங்களையும் தனிப்பட்ட பணிமனைகளுக்குக் கிடைக்கவிடாமல் தடுப்பது போட்டிக்கு விரோதமானது என்று, 14 கார் தயாரிப்பாளர்கள் சம்பந்தமான வழக்கில் இந்தியப் போட்டி ஆணையம் 2014-இல் தீர்ப்பளித்தது.

மத்திய அரசாங்கத்தின் நுகர்வோர் விவகாரத் துறை 2022 ஜூலையில் ஸ்ரீமதி நிதி கரே தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. விவசாயக் கருவிகள், கைபேசிகளும் டேப்லெட்டுகளும், வீட்டு உபயோக மின்சாதனங்கள், மோட்டார் வாகனங்கள் ஆகிய நான்கு துறைகளை அக்குழு தேர்ந்தது. தயாரிப்பாளர்களின் பழுது பார்ப்புத் தகவல்களை ஓரிடத்தில் தருவதற்கான இணையதளம் 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், தொடங்கப்பெற்றது. பழுதுபார்ப்புக் குறியீட்டெண்ணை வகுக்க 2024-இல் ஸ்ரீ பரத் கேரா தலைமையில் வேறொரு குழு அமைக்கப்பட்டு, 2025 மே மாதத்தில் அறிக்கை அளித்தது. பாட்டரி, திரை, பின்மூடி, முன்பின் காமிராக்கள், மின்னேற்றும் துவாரம், பொத்தான்கள், ஒலிவாங்கி, ஒலிபெருக்கி முதலியவை முதன்மைப் பாகங்களாகக் கொள்ளப்பட்டன. பிரிப்பு ஆழம், தகவல், பாகம் கிடைக்கும் காலம், உபகரணங்களும் திருகாணிகளும், மென்பொருள் திருத்தம் ஆகியவை மதிப்பீட்டில் இடம்பெற்றன. விற்பனை செய்யுமிடத்திலும், இணைய வணிகத் தளத்திலும், பெட்டியின்மேல் அச்சிட்ட கியூஆர் குறியிலும் இவ்வெண்ணைக் காட்ட வேண்டும் என்பது சிபாரிசு.

இவை சிபாரிசுகள், அறிக்கை அளிக்கப்பட்ட காலத்தில் பழுது பார்க்கும் உரிமைக்கெனத் தனிச் சட்டம் எதுவும் நம் நாட்டில் இருக்கவில்லை. எனினும் 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் பொருளின் தரம், தன்மை, விலை ஆகியவற்றைப் பற்றி அறியும் உரிமையை வாங்குவோருக்கு அளிக்கிறது. குறைபாடுள்ள சேவைக்கு எதிராக, காரணம் தோன்றிய இரண்டு ஆண்டுகளுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். அதற்கு முன்பாக 1915 என்னும் தேசிய உதவி எண்ணில் புகாரைப் பதிவு செய்யலாம்.

பணியாளரும் ஆசிரியரும் ஆற்றத்தக்கவை

சட்டம் எவ்வாறாயினும், கைபேசி வாங்குமுன் ஐந்து கேள்விகளைக் கேட்குமாறு மக்களுக்கு எடுத்துரைக்கலாம். திரைக்கும் பாட்டரிக்கும் தனித்தனியே விலை என்ன? அவை அருகிலுள்ள எந்த ஊரில் கிடைக்கும்? மென்பொருள் திருத்தம் எந்த ஆண்டு வரை வரும்? பழுது பார்க்கும் கையேடு வெளியிடப்பட்டுள்ளதா? வேறொருவர் பழுது பார்த்தால் உத்தரவாதம் நீங்குமா? கடைக்காரர் எல்லாவற்றுக்கும் உடனே விடை கூற இயலாதிருக்கலாம். ஆனால் பலர் கேட்கும் கேள்வி கடைக்காரரிடமிருந்து விநியோகஸ்தருக்கும், அவரிடமிருந்து தயாரிப்பாளருக்கும் சென்று சேரும்.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது, முதலில் கைபேசியிலுள்ள தகவல்களை வேறிடத்தில் பிரதி எடுத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சொல்லைத் தேவையின்றிக் கூறலாகாது. சில மாதிரிகளில் பழுது பார்ப்பதற்கென்றே அமைந்த தனி நிலை உண்டு, அதைக் கையாளலாம். மாற்றப்படும் பாகம் அசலா, இசைவான வேறு தயாரிப்பா என்று கேட்டு, அதை ரசீதில் எழுதி வாங்க வேண்டும். கழற்றிய பாகத்தையும் கேட்டுப் பார்ப்பது நலம். பின்மூடி மேலெழும்பிக் காணப்பட்டால், உள்ளே பாட்டரி வாயுவால் உப்பியிருக்கக்கூடும். அத்தகைய கருவியை மின்னேற்றவோ, அழுத்தவோ, வீட்டில் திறக்கவோ கூடாது. உடனே அணைத்து, தீப்பற்றும் பொருள்களிலிருந்து விலக்கி வைத்து, பயிற்சி பெற்றவரிடம் கொண்டு செல்ல வேண்டும். எவ்வகையிலும் பயன்படாத கருவியைக் குப்பையில் எறியாமல், பதிவு பெற்ற சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைப்பது முறை.

ஆசிரியர்கள் மாணவர்களைக் கொண்டு ஓர் எளிய பயிற்சியை நடத்தலாம். சைக்கிள், மிக்ஸி, சுவர்க் கடிகாரம், கைபேசி ஆகிய நான்கையும் எடுத்துக்கொண்டு, முன்கூறிய நான்கு வசதிகளுக்கும் ஒவ்வொரு பொருளுக்கும் ஐந்துக்கு எத்தனை மதிப்பெண் தரலாம் என்று அட்டவணை இடச் செய்யலாம். எந்தப் பொருளையும் பிரிக்க வேண்டியதில்லை. வெளியே தெரியும் திருகாணிகளைப் பார்த்தும், வீட்டிலுள்ள கையேட்டைப் படித்தும், ஊரிலுள்ள பழுது பார்ப்போரிடம் விசாரித்தும் விடை காணலாம். இவ்விசாரணையின்போது, உள்ளூர்த் தொழிலாளி எந்தப் பாகத்திற்காகப் பட்டணம் வரை போக வேண்டியிருக்கிறது, எந்த வேலையைத் திறமையிருந்தும் ஏற்க முடியாமல் திருப்பி அனுப்புகிறார் என்பதையும் மாணவர்கள் கேட்டு எழுதி வரலாம். இவ்வட்டவணைகளின் பிரதியை உள்ளூர் நுகர்வோர் சங்கத்திற்கு அனுப்பினால், அவ்வட்டாரத்தில் எவ்வசதி குறைவு என்பதை எடுத்துக்காட்டும் சான்றாக அது பயன்படும்.